வால்வு திறக்கையில் வருவது நீர் மட்டுமன்று

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த 'அன்னபூரணி'யின் கதையைக் குரோய்டனில் வளரும் பிள்ளைகளுக்கு நாம் பெருமையுடன் சொல்வதுண்டு. சரக்கில்லாத பாய்க்கப்பல்கள் நிலைதளராதிருக்கக் கல்லையும் மணலையும் அடிப்பாரமாக ஏற்றிய காலம் அது. இன்றைய கப்பல்களுக்குக் கடல்நீரே அடிப்பாரம்.

கப்பலின் அடித்தளத்திலும் இருமருங்கிலும் இதற்கெனத் தாங்கிகள் உண்டு. சரக்கை இறக்கும் துறையில் அவற்றுள் நீரை நிரப்புவர். சரக்கை ஏற்றும் துறையில் அந்நீரை வெளியேற்றுவர். பெருங்கப்பலொன்று பல்லாயிரம் தொன் நீரைச் சுமக்கும். ஆழத்திலுள்ள குழாய் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கையால் திருப்புவது எளிதன்று. ஆகவே கட்டுப்பாட்டறையிலிருந்து இயக்குகையில், அமுக்கமூட்டிய எண்ணெய் சிறு குழாய்வழிப் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகின்றது. பிஸ்டன் வால்வினுள் உள்ள வட்டத்தகட்டைத் திருப்புகின்றது. மின்சாரம் தடைப்பட்டாற் கைப்பம்பியால் இயக்கலாம்.

வால்வுகள் கட்டுப்பாடிழந்தால் விளைவு கொடியது. 1982 பெப்ரவரியில், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால், 'ஓஷன் ரேஞ்சர்' என்னும் மிதக்கும் எண்ணெய்த்துளை மேடையின் அடிப்பாரக் கட்டுப்பாட்டுப் பலகையிற் புயலின்போது கடல்நீர் புகுந்தது. மேடை சாய்ந்து மூழ்கியது. அதிலிருந்த 84 பேரும் மாண்டனர்.

வால்வு பழுதின்றி இயங்கினும் வேறோர் ஆபத்து உண்டு. ஒரு நாட்டுக் கடலில் உள்வாங்கிய நீரோடு அங்குள்ள உயிரினங்களின் நுண்ணிய குடம்பிகளும் மறுநாட்டுத் துறையிற் கொட்டப்படுகின்றன. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தின் அடியில் மத்திய, தென் அமெரிக்கக் கரைகளுக்குரிய சிப்பியினமொன்று படர்ந்துள்ளது. மீனவர் அதனைக் 'காக்கா ஆழி' என்பர். அது பரவியபின் இறால் அருகிவிட்டதென்பது அவர்தம் முறைப்பாடு. கப்பல்நீரே அதனைக் கொணர்ந்திருக்கவேண்டுமென ஆய்வாளர் கருதுகின்றனர்.

குரோய்டனிலிருந்து சற்று நேர ரயிற்பயணத்தில், தேம்ஸ் நதிக்கரையில், சர்வதேச கடல்சார் அமைப்பின் தலைமையகம் உள்ளது. அவ்வமைப்பு 2004இல் ஏற்ற உடன்படிக்கை, 13 ஆண்டுகளின் பின், 2017 செப்டெம்பர் 8இல் நடைமுறைக்கு வந்தது. அடிப்பார நீரை வடிகட்டி, புறஊதாக் கதிராலோ இரசாயனத்தாலோ உயிர்நீக்கிய பின்னரே வெளியேற்றும் முறை அதனாற் பரவலாயிற்று. எனினும், ஏற்கெனவே வேரூன்றிய சிப்பியை எந்தச் சட்டமும் அள்ளியெடுக்காது. வால்வைத் திறந்தவர் யாரோ. வெறும் வலையுடன் கரைதிரும்புபவர் ஏழை மீனவர்.

நம் வடபுலத்துத் துறைமுகங்களை வளர்க்க விழைவோர், கப்பல் கொண்டுவரும் சரக்கோடு, அது கொட்டிச்செல்லும் நீரையும் கணக்கிற் கொள்வார்களாக.