புல்லட் கிளம்ப மறுக்கிறதா?

பழைய வண்டியின் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் உள்ள வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

வீட்டுக்காரர் கிக்கரை உதைக்கிறார். ஒரு முறை, இரண்டு முறை, பத்து முறை. சட்டை நனைந்துவிட்டது. வண்டி "டப்" என்று ஒரே ஒரு சத்தம் போடுகிறது. அவ்வளவுதான்!

உடனே ஆளுக்கு ஒரு யோசனை. "பிளக்கை மாற்றுங்கள், அண்ணே" என்கிறார் எதிர் வீட்டுக்காரர். "கார்புரேட்டரில் அடைப்பு" என்கிறார் பால்காரர். "பேசாமல் காயலான் கடையில் போட்டுவிடுங்கள்" என்கிறார் வீட்டு அம்மாள்.

மூவரில் யார் சொல்வது சரி? அதை வண்டியிடமே கேட்கலாம். வண்டி பதில் சொல்லும். ஆனால் கேட்கும் முறை தெரிய வேண்டும்.

திருவொற்றியூர் புல்லட்

புல்லட் பிறந்தது இங்கிலாந்தில். வளர்ந்தது நம் திருவொற்றியூரில்.

ரெடிச் நகரத்து ராயல் என்பீல்டு கம்பெனியும், சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் 1955-ம் ஆண்டில் கூட்டுச் சேர்ந்தன. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன. இங்கே பூட்டப்பட்டன. பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. சென்னைக் கம்பெனி நிலைத்தது. 1977-ம் ஆண்டில் சென்னைப் புல்லட்டுகள் கப்பல் ஏறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயின!

அந்தக் காலத்து 346 சி.சி. புல்லட்டில் கம்ப்யூட்டர் இல்லை. பட்டன் ஸ்டார்ட்டும் இல்லை. எல்லாம் கண்ணால் பார்க்கக் கூடிய, கையால் தொடக் கூடிய பாகங்கள். ஆகையால் அதன் நோயைக் கண்டுபிடிப்பதும் எளிது.

மூன்று தேவைகள்

அடுப்பு எரிய விறகு வேண்டும், காற்று வேண்டும், நெருப்பு வேண்டும். என்ஜினும் ஓர் அடுப்புதான். அதற்கு வேண்டியவை மூன்று.

ஒன்று, பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து வர வேண்டும். இரண்டு, அந்தக் கலவையை என்ஜின் நன்றாக அழுத்த வேண்டும். மூன்று, சரியான நேரத்தில் பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும்.

வண்டி கிளம்பவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்று இல்லை என்று பொருள். எது இல்லை என்று தெரிவதற்குள் புதுச் சாமான் வாங்காதீர்கள். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா?

உதைப்பதிலும் முறை உண்டு

முதலில் சின்ன விஷயங்களைப் பாருங்கள். பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா? டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? சாவி போட்டாயிற்றா?

அடுத்து, உதைக்கும் முறை. பலர் இதில்தான் தவறுகிறார்கள்.

விளக்கு வெட்டத்தில் ஆம்ப்ஸ் மீட்டர் என்ற சிறிய முள் கடிகாரம் இருக்கும். சாவியைப் போட்டு, விளக்கை அணைத்து, கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்துங்கள். ஓர் இடத்தில் கிக்கர் இறுகி நிற்கும். இப்போது இடது கைப் பக்கம் உள்ள டிகம்ப்ரஸர் என்ற சின்ன லீவரைப் பிடித்துக்கொண்டு, முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல அழுத்துங்கள். முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வர விடுங்கள். பிறகு, முழு வீச்சில் ஒரே உதை!

ஆத்திரத்தில் அரைகுறையாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் தாங்காது. முறையாக உதைத்தும் அடிக்கடி திருப்பி அடித்தால், பொறி விழும் நேரம் முந்திவிட்டது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் டைமிங்கைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

முதல் சோதனை: பொறி

முறையாக உதைத்தும் கிளம்பவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள். அதன் மூடியை மறுபடி மாட்டுங்கள். பிளக்கின் இரும்பு உடம்பு என்ஜினின் இரும்பில் நன்றாகப் படும்படி வையுங்கள். சாவியைப் போட்டுக் கிக்கரை உதைத்துப் பாருங்கள்.

இங்கே எச்சரிக்கை தேவை. பிளக் இருந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும். ஆகவே பிளக்கை ஓட்டைக்கு அருகில் வைக்காதீர்கள். சிந்திய பெட்ரோலை முதலில் துடையுங்கள். பிளக்கைக் கையில் பிடிக்காதீர்கள், ஷாக் அடிக்கும். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

நீல நிறத்தில் "சட்சட்" என்று பொறி விழுந்தால் நல்லது. அடுத்த சோதனைக்குப் போகலாம். மஞ்சளாக மங்கலாக விழுந்தால் பொறிக்குப் பலம் இல்லை. விழவே இல்லை என்றால் ஆம்ப்ஸ் மீட்டரைப் பாருங்கள். கிக்கரை மெல்ல நகர்த்தும்போது அதன் முள் மைனஸ் பக்கம் போய்ப் போய் நடுவுக்கு வர வேண்டும்.

முள் அசையவே இல்லையா? விளக்கைப் போடுங்கள். விளக்கும் எரியாவிட்டால் பாட்டரி, பியூஸ், ஒயர் இவற்றைப் பாருங்கள். பாட்டரி முனையில் பூத்திருக்கும் பச்சை உப்பைச் சுரண்டி எடுத்தாலே சில வண்டிகள் கிளம்பிவிடும். விளக்கு நன்றாக எரிந்தால் பாட்டரி மேல் குற்றம் இல்லை. பாயிண்டில் அழுக்கோ எண்ணெயோ படிந்திருக்கலாம். பாயிண்டுக்குப் போகும் ஒயர் விட்டுப் போயிருக்கலாம்.

முள் மைனஸிலேயே நிற்கிறதா? பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது ஒயர் எங்கோ இரும்பில் உரசுகிறது. பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதை அளக்க பீலர் கேஜ் என்ற தகடு கடையில் கிடைக்கும்.

முள் ஒழுங்காக ஆடியும் பொறி இல்லையா? வேறு நல்ல பிளக்கை மாட்டிப் பாருங்கள். அதன் இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கட்டும். அதிலும் பொறி இல்லை என்றால் கண்டென்சர், காயில், பிளக் ஒயர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பாயிண்டிலேயே பெரிய பொறி பறந்தால் கண்டென்சர் மேல் சந்தேகப்படலாம்.

இரண்டாவது சோதனை: பெட்ரோல்

கழற்றிய பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். பத்து உதைக்குப் பிறகும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி, ஒரு பாட்டிலில் பிடியுங்கள். தாரையாக வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் குழாயில் அல்லது வடிகட்டியில் அடைப்பு. தாரையாக வந்தால் அடைப்பு கார்புரேட்டருக்குள் இருக்கிறது.

ஜெட் என்ற சிறு துளையைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிடும். அப்புறம் என்றைக்கும் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும்.

பிளக் நனைந்து சொதசொதவென்று இருந்தால் பெட்ரோல் அதிகம் ஏறிவிட்டது. குழாயை மூடுங்கள். சாவியை எடுங்கள். பிளக் இல்லாமல், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருப்பி, ஏழெட்டு முறை உதையுங்கள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள்.

மாதக் கணக்கில் நின்ற வண்டியா? பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2023-ம் ஆண்டில் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டியின் ரப்பர் சாமான்களையும் கெடுக்கும். வெடித்த குழாயை உடனே மாற்றுங்கள். என்ஜின் சூட்டில் அது ஒழுகினால் தீப்பிடிக்கும்.

மூன்றாவது சோதனை: அழுத்தம்

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது. ஆனால் கிக்கர் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்குகிறதா? அழுத்தம் வெளியே போகிறது.

முதலில் டிகம்ப்ரஸர் கேபிளைப் பாருங்கள். அது இறுகியிருந்தால் வால்வு மூடாது. அடுத்து டேப்பட். என்ஜின் ஆறியிருக்கும்போது, வால்வு மூடியிருக்கும் நிலையில், புஷ் ராட் என்ற நீளக் கம்பியை விரலால் உருட்டிப் பாருங்கள். தாராளமாக உருள வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இவை இரண்டும் சரியாக இருந்தும் அழுத்தம் இல்லை என்றால் வால்வு, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது பட்டறை வேலை.

ஓடும்போது வரும் தொல்லைகள்

சில கிலோமீட்டர் ஓடி வண்டி நிற்கிறது. சற்று நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல் கிளம்புகிறது. இது பலரை அலைக்கழிக்கும் நோய். நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால், மூடியில் உள்ள ஊசித்துளை அடைத்திருக்கிறது. காற்று போகாததால் பெட்ரோல் இறங்கவில்லை. உஸ் சத்தம் இல்லையா? சூடு ஆறுவதற்குள் பொறியைச் சோதியுங்கள். அப்போது பொறி இல்லாமல், ஆறிய பின் வந்தால், கண்டென்சரோ காயிலோ சூட்டில் படுக்கிறது.

பிளக்கின் நிறமும் சேதி சொல்லும். கரி போல் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது கார்புரேட்டர் இணைப்பில் வெளிக்காற்று புகுகிறது. அப்போது கார்புரேட்டர் தும்மவும் செய்யும். காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் கவலை இல்லை.

வேகமாக ஓட்டியும் ஆம்ப்ஸ் மீட்டர் முள் பிளஸ் பக்கம் போவதே இல்லையா? பாட்டரி சார்ஜ் ஆகவில்லை. பகலில் ஓடும் வண்டி, இரவில் விளக்கைப் போட்டதும் நடுவழியில் நிற்கும். குடும்பத்தோடு வெளியூர் போகும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்

எல்லாவற்றையும் விட முக்கியமான விதி இது. பிளக், கண்டென்சர், ஜெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி கிளம்பக் கூடும். ஆனால் எதனால் கிளம்பியது என்று தெரியாது. அடுத்த முறை மூன்றுக்கும் மறுபடி பணம் கொடுப்பீர்கள்!

ஒன்றை மாற்றுங்கள். உதைத்துப் பாருங்கள். பலன் இல்லை என்றால் பழையதையே மாட்டிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். "மார்ச் 3. சூட்டில் நின்றது. கண்டென்சர் மாற்றினேன். சரியாயிற்று." இந்த ஒரு வரி, புது மெக்கானிக்கிடம் போகும்போது உங்கள் காசைக் காப்பாற்றும். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றிருந்தால் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். வண்டியைப் பற்றியும் தெரிந்துகொள்வார்கள்.

ஓர் எச்சரிக்கை. மூடிய அறைக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டு. அதற்கு வாசனை கிடையாது. ஆளைக் கொன்றுவிடும். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, காற்றோட்டமான இடத்தில் சோதியுங்கள்.

சாமான் பெட்டியில் ஒரு நல்ல பிளக், பிளக் ஸ்பானர், ஒரு கண்டென்சர், இரண்டு பியூஸ், ஒரு சுத்தமான துணி எப்போதும் இருக்கட்டும். பொறி, பெட்ரோல், அழுத்தம் என்ற வரிசை மனதில் இருக்கட்டும். இந்த மூன்றையும் பார்த்து முடிக்கும் வரை வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ள வேண்டாம்!