ஆடைப் பெயர்களில் இரண்டு ஆங்கிலம்

அமெரிக்கக் கதை ஒன்றில் நீதிபதி ஒருவர் தம் 'வெஸ்ட்' பையிலிருந்து பொற்கடிகாரத்தை எடுத்து மணி பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் வழக்கை மட்டும் பயின்ற மாணவன் அதைத் தமிழில் எழுதினால், பாவம், நீதிபதி பனியனோடு வழக்குக் கேட்பவராகிவிடுவார். இங்கிலாந்தில் 'வெஸ்ட்' என்பது சட்டைக்குள் அணியும் பனியன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'சிங்லெட்' எனப்படுவது. அமெரிக்காவிலோ அது சட்டைக்கு மேலும் கோட்டுக்கு உள்ளுமாக அணியும் கையில்லாத, பொத்தானிட்ட ஆடை. அதனை ஆங்கிலேயர் 'வெய்ஸ்ட்கோட்' என்பர்.

ஆடவர் உடைகளில் இருநாட்டுப் பெயர் வேறுபாடுகள் பல. பெரும்பாலானவை தொல்லை தருவனவல்ல. 1849இல் இலண்டனில் தோன்றிய, உச்சி வளைந்த கெட்டித் தொப்பியை ஆங்கிலேயர் 'பௌலர்' என்றனர். அமெரிக்கர் 'டெர்பி' என்றனர். இரவு விருந்துக்குரிய கறுப்புக் கோட்டு இங்கிலாந்தில் 'டின்னர் ஜாக்கெட்'; அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஊர் ஒன்றின் பெயரால் 'டக்சிடோ'. அறியாத சொல்லைக் கண்ட மாணவன் நின்று அகராதியைப் புரட்டுவான். அறிந்த சொல்லாயின் நிற்கமாட்டான். ஆதலால், ஒரே சொல் இரு பொருள் தரும் இடங்களையே ஆசிரியர் முதலில் கற்பித்தல் நலம்.

அமெரிக்கர் ஆங்கிலத்தைத் திரித்துவிட்டனர் என்று கூறுவாருண்டு. 'வெஸ்ட்' என்னும் சொல்லின் வரலாறு அக்கூற்றுக்குத் துணைபோகவில்லை. 1666 அக்டோபரில் இரண்டாம் சார்லஸ் மன்னர் அப்பெயருடைய புதுவகை ஆடையை அரசவையில் புகுத்தப்போவதாக அறிவித்தார். சாமுவேல் பீப்ஸ் அச்செய்தியைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அது நீண்ட மேலாடை. நாளடைவில் குறுகி வெய்ஸ்ட்கோட்டாயிற்று. பனியன் என்னும் பொருள் பின்னர் வந்ததே. பழம்பொருளைக் காத்தவர் அமெரிக்கர். இங்கிலாந்தில் தையற்காரர் வழக்கில் மட்டும் அது எஞ்சி நிற்கிறது.

'பேண்ட்ஸ்' இன்னும் வேடிக்கையானது. இத்தாலிய நகைச்சுவை நாடகங்களில் பாண்டலோனே என்னும் கருமி வணிகக் கிழவன் வருவான். அவன் பெயரால் ஒருவகைக் காற்சட்டை 'பாண்டலூன்ஸ்' எனப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் அதைப் 'பேண்ட்ஸ்' எனச் சுருக்கி, முழுக்காற்சட்டைக்கு வழங்கினர். இங்கிலாந்தின் பொதுவழக்கில் முழுக்காற்சட்டை 'டிரவுசர்ஸ்'. 'பேண்ட்ஸ்' என்பதோ உள்ளே அணியும் கீழாடை. ஆயினும் வட இங்கிலாந்தில் சில பகுதியார் பேச்சு இவ்வகையில் அமெரிக்கரோடு ஒத்திருக்கிறது. தமிழர் வாயில் வழங்கும் 'பேண்ட்' என்பதும் முழுக்காற்சட்டைதான். அதனை நம்பிய மாணவன், தந்தையார் புதிய பேண்ட்ஸ் அணிந்து திருமணத்திற்குச் சென்றார் என்று ஆங்கிலக் கட்டுரையில் எழுதுவான். அமெரிக்கர் இயல்பாகப் படித்துச் செல்வர், இலண்டன்காரர் நகைப்பர். அச்சொல்லைப் பிழையென்று சிவப்பு மையால் அடிப்பது முறையன்று. அது எந்நாட்டு வழக்கு என்று ஓரத்தில் குறித்தால் போதும். ஒரே கட்டுரையில் இரு வழக்கும் கலந்திருந்தால் மட்டும் திருத்தலாம்.

'சஸ்பெண்டர்ஸ்' என்பதிலும் இதே இடர் உண்டு. அமெரிக்காவில் அவை தோள்வழியே சென்று காற்சட்டையைத் தாங்கும் வார்கள். ஆங்கிலேயர் அவற்றைப் 'பிரேசஸ்' என்பர்; அவர்களுடைய சஸ்பெண்டர்ஸ் காலுறை நழுவாமல் பிடிப்பவை. அமெரிக்கக் கதையில் உழவர் ஒருவர் சஸ்பெண்டர்ஸில் பெருவிரல்களை மாட்டிக்கொண்டு வேலியோரம் நின்றால், மார்பின்மேல் ஓடும் வார்களையே நினைக்க வேண்டும். ஆங்கிலேயர் பொருளைக் கொண்டால், அவர் கதை முடியுமட்டும் குனிந்தல்லவா நிற்க வேண்டியிருக்கும்!