தவணை முடியாத மோட்டார் சைக்கிளும் எல்லைக் கடவையும்

நாம் தீவில் வாழ்பவர்கள். வாகனத்தில் ஏறி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய் இறங்கும் பழக்கம் நமக்கில்லை. அதனால் லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகலாமா என்ற கேள்வி நம்மில் பலருக்கு வந்திருக்காது. ஆனால் சாமான் வாங்க மலேசியா, தாய்லாந்து என்று போய் வருபவர்கள் நம்மில் ஏராளம். அங்கே தொழில் செய்யும் நம் பிள்ளைகளும் குறைவில்லை. அவர்களில் ஒருவராவது மாதத் தவணைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பார். இந்த வாரம் அவர்களுக்காகவும், இங்கே தவணைக்குப் பொருள் கொடுக்கும் நமது வியாபாரிகளுக்காகவும் எழுதுகிறேன்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் புக்கிட் காயு ஹித்தாம் என்ற எல்லைக் கடவை இருக்கிறது. அந்தப் பக்கம் தாய்லாந்தின் சடாவ். அங்கிருந்து ஹட்யாய் நகரம் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். வார இறுதியில் மலேசிய இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மோட்டார் சைக்கிளில் இந்த வழியே போவார்கள். சாப்பாடு மலிவு, துணிமணி மலிவு, பாதையும் நல்லது. பாடாங் பெசார், பேராக் மாநிலத்திலிருந்து பெத்தோங் போகும் வழி, கிளந்தானிலிருந்து சுங்கை கோலோக் போகும் வழி என்று வேறு கடவைகளும் உண்டு. எல்லாவற்றிலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

கடவுச்சீட்டில் முத்திரை குத்துவது ஆளுக்கு. வாகனத்துக்குத் தனிக் கணக்கு. குடிவரவுப் பகுதியில் டீ.எம். 2, டீ.எம். 3 என்ற படிவங்கள். தாய்லாந்துச் சுங்கத்தில் தற்காலிக இறக்குமதிப் படிவம். அதாவது உங்கள் மோட்டார் சைக்கிள் அந்த நாட்டுக்குள் வரி கட்டாமல் இறக்குமதியான ஒரு பொருள். குறித்த நாளுக்குள் அதே வாகனம் திரும்ப வெளியேற வேண்டும். இதற்கு மேல் தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி வேண்டும். இவற்றையெல்லாம் தட்டச்சு செய்து கொடுப்பதற்கென்றே மலேசியப் பக்கத்தில் சங்லூனில் கடைகள் இருக்கின்றன. எல்லை இருக்கும் இடத்தில் அதை வைத்தே பிழைக்கும் தொழில் ஒன்று முளைக்கும். வியாபாரிக்கு அது புதிதல்ல.

இந்த வரிசையில் வாகனப் பதிவு அட்டையையும் பார்ப்பார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான். மலேசியாவில் தவணைக் கொள்வனவுக்கு 1967ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளும் அதற்குள் அடங்கும். கடைசித் தவணை கட்டும்வரை வாகனம் நிதி கொடுத்தவருக்குச் சொந்தம். ஓட்டுபவர் வாடகைக்கு எடுத்தவர் மட்டுமே. பதிவு அட்டையில் ஓட்டுபவரின் பெயர் இருந்தாலும், வங்கியின் உரிமைக் கோரிக்கையும் அதில் பதிவாகியிருக்கும். நம் நாட்டில் சீ.ஆர். புத்தகத்தில் லீசிங் கம்பனியை முழு உரிமையாளர் என்று போடுகிறார்களே, அதே விஷயம்தான். ஆகவே தவணை முடியாத வாகனத்துக்கு வங்கியின் அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். கவுண்டரில் கேட்பதும் கேட்காததும் அன்றன்று இருக்கும் அதிகாரியைப் பொறுத்தது. கேட்கவில்லை என்பதற்காக அது தேவையில்லை என்று ஆகிவிடாது.

அலோர் ஸ்டாரில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை எனக்குப் பல வருடப் பழக்கம். பூர்வீகம் கடையநல்லூர். அவருடைய கடைப் பையனுக்கு 2019இல் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். பையன் 48 மாதத் தவணைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்து 31 மாதம் ஒழுங்காகக் கட்டியிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நண்பர்களோடு ஹட்யாய் போனான். கடிதம் எடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மறுநாள் காலை ஹோட்டல் வாசலில் மோட்டார் சைக்கிளைக் காணவில்லை.

"திருட்டு நம்ம ஊர்லயும் நடக்கத்தான் செய்யுது பாய். ஆனா அதுக்குப் பின்னாடி வந்துச்சு பாருங்க, அதைத்தான் அந்தப் பையனால தாங்க முடியல" என்றார் அவர்.

முதலில் தாய்லாந்துச் சுங்கம். உள்ளே வந்ததாகப் பதிவான வாகனம் வெளியே போகவில்லை. தாய் மொழியில் எழுதிய பொலிஸ் முறைப்பாட்டைக் காட்டி, அரை நாள் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்தது காப்புறுதி. மலேசியாவின் வழமையான மோட்டார் காப்புறுதி மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளுக்குள்தான் செல்லும். தாய்லாந்துக்கு வேண்டுமென்றால் மேலதிகமாகப் பணம் கட்டி நீடிக்க வேண்டும். எல்லையில் வாங்கிய கட்டாயக் காப்புறுதி என்னவாயிற்று என்று நான் கேட்டேன். அது விபத்தில் ஆளுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் உரியது. வாகனம் உடைந்தாலும் களவு போனாலும் அதில் ஒரு சதமும் வராது. நமது வாசகர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். காப்புறுதி எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டே காப்புறுதி இல்லாமல் ஓடுபவர்கள்தான் அந்தப் பாதையில் அதிகம்.

மூன்றாவது, நிதி கொடுத்த நிறுவனம். பெயர் வேண்டாம். எங்கள் சம்மதமில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோனாய், ஒப்பந்தத்தை முறித்துவிட்டாய், மிச்சம் 17 தவணையையும் ஒரே தடவையில் கட்டு என்று கடிதம் வந்தது. முதலாளி பேசிப் பார்த்து, கடைசியில் தானே கட்டிவிட்டுப் பையனின் சம்பளத்தில் மாதாமாதம் கழித்தார். இல்லாத மோட்டார் சைக்கிளுக்கு ஒன்றரை வருடம் உழைத்தான் அந்தப் பிள்ளை.

நிறுவனம் கல்நெஞ்சோடு நடந்தது என்று சிலர் சொல்லலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கடன் கொடுத்தவரின் இடத்தில் நின்று பாருங்கள். வாகனம் மலேசியாவுக்குள் இருக்கும்வரை அவர் கையில் சட்டம் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் 21 நாள் அறிவித்தல் கொடுத்து வாகனத்தை எடுக்கலாம்; முக்கால் பங்கு கட்டி முடிந்திருந்தால் மட்டும் நீதிமன்றக் கட்டளை வேண்டும். எல்லையைத் தாண்டிவிட்டால் அந்தச் சட்டம் கடவையோடு நின்றுவிடும். வேறு நாட்டில், வேறு பாஷையில் ஒரு மோட்டார் சைக்கிளைத் தேடிப் பிடிக்க ஆகும் செலவு அதன் விலையையே தாண்டும்.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. தாய்லாந்தில் தவணை முடியும்வரை பதிவுப் புத்தகம் நிதிக் கம்பனியிடம்தான் இருக்கும். லாவோஸ் போக வாகனத்துக்கு எடுக்கும் சர்வதேசப் புத்தகத்துக்கும் கம்பனியின் அதிகாரக் கடிதம் தேவை. அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குப் போகிறவர்கள் எல்லையோரப் பகுதியைத் தாண்டினால், கடன் கொடுத்தவரின் கடிதத்தைக் காட்டித் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். வாகனத்தின் வயதுக்கேற்ப 200 முதல் 400 டொலர்வரை வைப்புப் பணமும் உண்டு. குறித்த காலத்துக்குள் வாகனம் திரும்பாவிட்டால் அந்தப் பணம் மெக்சிகோ அரசுக்கு.

இஜாரா முறையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில் வாகனங்களுக்கு வாடகைக்குப் பின் விற்பனை என்ற முறை நெடுநாளாக இருக்கிறது. இங்கும் இஜாரா லீசிங் பரவலாகிவிட்டது. இதில் பொருள் நிறுவனத்துக்கே சொந்தம். நம் கையில் அது அமானிதம். நம் கவனக்குறைவில்லாமல் அழிந்தால் நட்டம் உரிமையாளரைச் சேரும் என்பது பொது விதி. ஆனால் ஒப்பந்தத்தின் எல்லையை நாமே மீறினால் பொறுப்பு நம் தலையில் வந்துவிடும். விபரத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நமது ஊர்களில் தவணைக்கு மோட்டார் சைக்கிள், ஓட்டோ கொடுக்கும் கடைகள் சிலவற்றின் ஒப்பந்தத் தாளைப் பார்த்திருக்கிறேன். தொகை, திகதி, பிணையாளியின் கையொப்பம் தவிர வேறொன்றும் இல்லை. வாகனம் எங்கே ஓடலாம், வேறொருவர் கையில் கொடுக்கலாமா, காப்புறுதி யார் பெயரில் என்று ஒரு வரியும் இல்லை. கல்முனையில் கொடுத்த வண்டி வவுனியாவில் யாரிடமோ ஓடிக்கொண்டிருந்தால் எந்தத் தாளைக் காட்டிக் கேட்பது?

அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் கடிதம் எடுக்கும்போது சில விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும். பதிவு இலக்கம், இயந்திர இலக்கம், செசி இலக்கம் மூன்றும் வாகனத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஓட்டுபவரின் பெயர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்திலேயே இருக்க வேண்டும். போகும் நாடும், போய் வரும் திகதிகளும் தெளிவாக இருக்க வேண்டும். மழை, பழுது என்று தாமதமானால் சமாளிக்க இரண்டு நாளாவது கூட்டிக் கேளுங்கள். வெள்ளி இரவு புறப்படுவதற்கு வெள்ளி மாலை வங்கிக்கு ஓடினால் கிடைக்காது, ஒரு வாரம் முன்பே கேளுங்கள். அதே கையோடு காப்புறுதி முகவரிடம் போய்த் தாய்லாந்துக்கு நீடித்ததை எழுத்தில் வாங்குங்கள்.