ஒரு கட்டளை, ஆயிரம் கணனிகள்

குளத்துத் துருசைத் திறப்பவர் ஒவ்வொரு வயலுக்கும் போய்த் தண்ணீர் இறைப்பதில்லை. ஓரிடத்தில் நின்று திறந்துவிட்டால், வாய்க்கால் வழியே எல்லா வயல்களுக்கும் தண்ணீர் போய்ச் சேர்கின்றது. கணனிகளைத் தூர இருந்து நிர்வகிக்கும் தொழிலும் இத்தகையதே. இதைப் படிக்க விரும்பும் பிள்ளைகள் எமது குடும்பங்களிலும் இருக்கின்றார்கள். ஆகவே அதன் பயனையும் பொறுப்பையும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

எழுத்தால் இடும் கட்டளை

வங்கிக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவு போன்றவற்றைச் சேமித்து வைத்து, கேட்பவர்களுக்கு வழங்கும் கணனிகளைச் 'சேர்வர்' என்பர். பெரிய நிறுவனங்களில் இவை பூட்டிய கட்டடங்களில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றைக் கவனிப்பவர் வேறொரு நாட்டில்கூட இருக்கலாம். அவர் தமது கணனியில் ஒரு வரியைத் தட்டெழுதி அனுப்புவார். சேர்வர் அதை நிறைவேற்றிப் பதில் அனுப்பும்.

இத்தகைய பல வரிகளை ஒழுங்காக எழுதி ஒரு கோப்பில் வைத்தால், அது 'ஸ்கிரிப்ட்' ஆகின்றது. அதனுடன் சேர்வர்களின் பெயர்ப்பட்டியலையும் கொடுத்துவிட்டால், ஒவ்வொன்றிலும் அதே வேலை நடந்து முடியும். கையால் செய்தால் நாட்கணக்கில் இழுபடும் வேலை சில நிமிடங்களில் தீரும்.

கடவுச்சொல்லைக் காத்த மாணாக்கர் பூமி

முற்காலத்தில் இதற்கு 'டெல்நெட்' என்ற முறை பயன்பட்டது. அதில் கடவுச்சொல் தபாலட்டையில் எழுதியதுபோல் மறைப்பின்றிச் செல்லும். வழியில் ஒளிந்திருப்பவர் அதை வாசித்துவிடலாம். பின்லாந்திலுள்ள ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் இவ்வாறே கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென், 1995இல் 'எஸ்.எஸ்.எச்.' என்ற புதிய முறையை உருவாக்கி இலவசமாக வெளியிட்டார். இதில் அனுப்பப்படுவன யாவும் இரகசிய எழுத்தாக மாற்றப்பட்டே செல்லும். அவ்வருட முடிவிற்குள் 50 நாடுகளில் ஏறக்குறைய 20,000 பேர் இதைப் பயன்படுத்தத் தொடங்கினர். இன்றும் உலகெங்கும் சேர்வர்களைக் கவனிப்போர் இவ்வழியையே பெரிதும் நம்பியிருக்கின்றனர்.

ஓர் இரவில் நடந்தது

வழி பாதுகாப்பானதாக இருந்தாலும், கட்டளை இடுபவர் தவறலாம். 2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு, 'கிட்லாப்' என்ற மென்பொருள் நிறுவனத்தில் பொறியியலாளர் ஒருவர் பழுது ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். அங்கு தரவுகளை வைத்திருந்த சேர்வர்கள் இரண்டு. பெயரில் ஓர் இலக்கம் மட்டுமே வேறு. இரண்டாவதில் இட வேண்டிய அழித்தற் கட்டளையை அவர் முதலாவதில் இட்டுவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, 300 கிகாபைட் அளவில் இருந்த தரவுகளில் 4.5 மாத்திரமே எஞ்சியிருந்தது.

பிரதிகள் இருக்கும் என்று தேடினார்கள். பிரதி எடுக்கும் மென்பொருள் பழைய பதிப்பாக இருந்தபடியால் அந்த வேலை நடக்காமலே இருந்திருக்கின்றது. அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. சுமார் ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் வேறொரு தேவைக்காக எடுத்த பிரதி ஒன்றே அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணித்தியாலத் தரவுகள் திரும்பி வரவில்லை.

நிறுவனம் நடந்ததை மறைக்காமல் உலகறிய எழுதியது. பழியை ஒருவரின் தலையில் சுமத்தாமல், தனது ஒழுங்கில் இருந்த குறைகளைத் தேடியது. எந்தச் சேர்வரில் நிற்கின்றோம் என்பது திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் எடுத்த தீர்மானங்களில் ஒன்று.

அடுத்த மாதம் 28ஆம் திகதி அமேசன் நிறுவனத்திலும் இதுபோன்றதொன்று நடந்தது. சில சேர்வர்களை மாத்திரம் நிறுத்துவதற்கான கட்டளையில் ஒரு விபரம் பிழையாகத் தட்டப்பட்டதால், அதிகமானவை நின்றுபோயின. அமெரிக்காவில் பல இணையச் சேவைகள் சுமார் நான்கு மணித்தியாலம் தடைப்பட்டன. அதன்பின் சேர்வர்களை மெதுவாகவே நிறுத்தக்கூடியதாகத் தமது கருவியை அவர்கள் மாற்றினார்கள்.

பழக வேண்டியவை

மைக்ரோசொப்ட் 2006இல் வெளியிட்ட 'பவர்ஷெல்' என்ற கட்டளை மொழியில் 'வட்-இஃப்' என்றொரு சொல் உண்டு. அதைப் பல கட்டளைகளின் கடைசியில் சேர்க்கலாம். அப்போது கணனி எதையும் செய்யாமல், செய்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லும். இது ஒத்திகை. முதலில் ஒத்திகை, பிறகு ஒரு கணனியில் பரீட்சை, அதன்பின்னரே எல்லாவற்றிலும் என்பது நல்ல ஒழுங்கு. நித்திரைக் கண்ணோடு அழித்தற் கட்டளை இடாதிருப்பதும் நன்று.

பிரதியின் அருமையை, காணி உறுதியைத் தவறவிட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. பிரதி வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். இருக்கின்றது என்று நம்பிக்கொண்டிராமல், இடைக்கிடை எடுத்து விரித்தும் பார்க்க வேண்டும். கணனி படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பாடத்தை வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.