சமையலறையில் வார்த்த புழு



சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. மறுநாள் ஆராதனைக்குரிய உடைகளைத் தேய்த்து மடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சமையலறையிலிருந்து பழக்கமில்லாத ஒரு நெடி வருகிறது. எட்டிப் பார்க்கிறீர்கள். உங்கள் பதினைந்து வயது மகன், நீங்கள் பால் காய்ச்சும் பாத்திரத்தில் ஏதோ ஒரு வெள்ளைக் குழம்பைக் கிளறிக்கொண்டு நிற்கிறான். கேட்டால், "மீன் பிடிக்கப் புழு செய்கிறேன் அம்மா" என்கிறான்.

திட்டுவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். எந்நேரமும் கைப்பேசியை வருடிக்கொண்டிருந்த பிள்ளை, தன் கைகளால் ஒன்றை உண்டாக்க விரும்புகிறான். அது நல்ல ஆவல். ஆனால் அவன் செய்யும் விதத்தில் ஆபத்து உண்டு. ஆவலை அணைக்காமல் ஆபத்தை மட்டும் நீக்க வேண்டுமானால், இந்தப் பொழுதுபோக்கைப் பெற்றோராகிய நீங்களும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு வீட்டு அடுப்பில் பிறந்தது

மென்மையான பிளாஸ்டிக் இரைகளின் வரலாறு, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரத்தில் தொடங்குகிறது. ரப்பர் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர் அது. அங்கே குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன் என்ற வேதியியலாளர், விறைப்பான பி.வி.சி. பிளாஸ்டிக்கை ரப்பரைப்போல் வளையச் செய்யும் வழியை 1926-இல் கண்டறிந்தார். அதே ஊரில் 1949-இல் நிக் கிரீம் என்பவரும் அவருடைய மனைவி காஸ்மாவும் தங்கள் வீட்டுச் சமையலறையில் வினைல், எண்ணெய், நிறமி ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, மண்புழுவைப் போன்ற ஒரு புழுவை வார்த்தெடுத்தார்கள். தொட்டால் நெளியும், தண்ணீரில் உயிருள்ளதுபோல் அசையும். இன்று உலகெங்கும் விற்கப்படும் பிளாஸ்டிக் புழு, தவளை, குஞ்சுமீன் வடிவங்களுக்கெல்லாம் முன்னோடி அந்தப் புழுதான்.

ஆகவே, உங்கள் மகன் அடுப்பங்கரையைத் தேடிப் போனதில் வியப்பில்லை. ஆயினும் 1949-இல் அத்தம்பதியர் அறிந்திராத பலவற்றை இன்று நாம் அறிவோம்.

செய்முறை என்ன?

முதலில் அச்சு வேண்டும். களிமண்ணால் ஒரு புழுவையோ குஞ்சுமீனையோ செய்து, அல்லது கடையில் வாங்கிய ஒன்றையே எடுத்து, ஒரு தட்டின் அடியில் ஒட்டவேண்டும். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, இறுகியபின் கவிழ்த்து மாதிரியை நீக்கினால் குழிவான அச்சு கிடைக்கும். அதைப் பல நாட்கள் நன்றாக உலரவிட்டு, உட்புறத்தில் எபாக்சிப் பசையை இரண்டு முறை மெல்லியதாகப் பூசி ஆறவிட வேண்டும்.

அடுத்தது மூலப்பொருள். இதைப் பிளாஸ்டிசால் என்பார்கள். பி.வி.சி. தூளை, அதை மென்மையாக்கும் ஒருவகை எண்ணெயில் கலந்துவைத்த பால்நிறத் திரவம் இது. இதை மெதுவாகச் சூடாக்கினால் முதலில் கூழாகக் கெட்டிப்படும். பிறகு ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸில் தெளிந்து தேன்போல் ஓடும். அப்போது நிறமும் மினுக்குத் தூளும் சேர்த்து, அச்சின் வால் பகுதியிலிருந்து தொடங்கி மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள். சில நிமிடங்களில் இறுகிவிடும். உரித்தெடுத்து, வளையாதபடி நீளவாக்கில் கிடத்தி ஆறவைக்க வேண்டும். பொடி உப்பைச் சேர்த்தால் புழு தண்ணீரில் சீக்கிரம் அமிழும்.

பிழையாக வந்ததை மீண்டும் உருக்கி வார்க்கலாம் என்பது இத்தொழிலின் ஒரு நன்மை. ஆனால் பழைய செருப்பு, உடைந்த பி.வி.சி. குழாய் போன்றவற்றை உருக்கிப் புழு செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதிருங்கள். அவற்றில் என்னென்ன கலந்திருக்கும் என்பது நமக்குத் தெரியாது. உருகுவதற்குமுன் அவை கருகும்.

அடுப்பும் மூச்சும்

வாசகர்களே, இப்பகுதியைக் கவனமாய் வாசியுங்கள். பிளாஸ்டிசால் அளவுக்குமீறிச் சூடானால் மஞ்சளாகி, பழுப்பாகி, கருகும். அப்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுவாயு வெளிப்படும். அது கண்ணிலும் தொண்டையிலும் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மிகுந்த தீங்கு செய்யும்.

நம்மில் பலர் குடியிருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஓர் அறை, ஒரு சமையலறை, அதற்கு ஒரு சிறு ஜன்னல். பாட்டி ஒரு மூலையில் படுத்திருப்பார். கைக்குழந்தை தொட்டிலில் தூங்கும். இத்தகைய வீட்டுக்குள் பிளாஸ்டிக்கைக் காய்ச்சவே கூடாது. சாதாரணத் துணி முகமூடி இவ்வாயுவைத் தடுக்காது.

அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் போதும். அது கணத்தில் ஆவியாகி, கொதிக்கும் குழம்பை முகத்தில் தெறிக்கச் செய்யும். அச்சை நாட்கணக்கில் உலரவைப்பது இதற்காகவே. தெறித்த குழம்பு வெல்லப்பாகைப்போல் தோலில் ஒட்டிக்கொள்ளும். அப்படி நேர்ந்தால் பிய்த்து எடுக்காதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

செய்தே தீரவேண்டும் என்றால், திறந்த மொட்டைமாடியில், பெரியவர் ஒருவர் அருகில் நிற்க, நச்சுவாயுவை வடிகட்டும் தகுந்த முகமூடி, கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை, வெப்பமானி ஆகியவற்றோடு செய்யவேண்டும். திறந்த நெருப்பைத் தவிர்த்து மின் அடுப்பைப் பயன்படுத்த வேண்டும். அதற்கென்று ஒதுக்கிய பாத்திரம் மறுபடியும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. பி.வி.சி.யை மென்மையாக்கும் எண்ணெய்களில் தாலேட் என்னும் வகையைச் சேர்ந்த சில, பிள்ளைகளின் உடல் வளர்ச்சிக்குக் கேடு என்று கருதப்பட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 1999-இல் தற்காலிகமாகவும் 2005-இல் நிரந்தரமாகவும் விளையாட்டுப் பொருட்களில் கட்டுப்படுத்தப்பட்டன. தாலேட் கலவாத பிளாஸ்டிசாலும் கிடைக்கிறது. வாங்குமுன் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. புழு தண்ணீரில் அமிழ்வதற்காகத் தூண்டில் முள்ளின் தலையில் ஈயக் குண்டு வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடுவதால் வீட்டு அடுப்பே போதும் என்று பிள்ளைகள் எண்ணலாம். ஈயத்தின் தூசியும் புகையும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதை இந்தியாவுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர், நம் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் துப்பில் வெங்கடேஷ். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. தெருவிலிருந்து விரட்டிய நஞ்சை நாமே அடுப்பில் ஏற்றலாமா? ஈயத்துக்குப் பதில் ஓர் இரும்பு நட்டைக் கட்டினாலே புழு அமிழும்.

ஏரியில் தங்கும் புழு

தூண்டில் வீசுகிறவர்கள் எல்லாரும் இரையை இழப்பார்கள். நரம்பு அறும், முள் கிளையில் மாட்டும், மீன் பாதிப் புழுவைப் பறித்துக்கொண்டு போகும். மண்புழு தொலைந்தால் மண்ணாகிவிடும். பிளாஸ்டிக் புழு தொலைந்தால் நெடுங்காலம் அடியில் கிடக்கும். மீன் அதை விழுங்கினால் என்னாகும்? அமெரிக்க ஆய்வாளர்கள் புரூக் ட்ரவுட் என்ற மீன்களைத் தொட்டியில் வைத்துச் சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மீன்கள் மென்பிளாஸ்டிக் இரைகளைத் தாமாகவே விழுங்கின. அவை வயிற்றிலேயே தங்கின. மீன்கள் எடை குறைந்தன.

பெங்களூரு ஏரிகள் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கின்றன. 2016 மார்ச் மாதத்தில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். கழிவுநீர் கலந்து, தண்ணீரிலிருந்த பிராணவாயு குறைந்ததே காரணம். அத்தகைய தண்ணீரில் நம் பங்குக்கு ஒரு குப்பையும் சேரவேண்டுமா? தண்ணீரின் நிலை தெரியாத ஏரியிலிருந்து பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து சமைப்பதும் நல்லதல்ல.

நம் ஏரிகள் பலவற்றில் மீன்பிடி உரிமை ஏலத்தில் விடப்பட்டிருக்கும். அனுமதி கேளாமல் தூண்டில் போடுவது பிறர் உடைமையில் கை வைப்பதாகும். பிள்ளைக்கு இதையும் சொல்லிக் கொடுங்கள்.

விரால் மீனைத் தேடிப் போகிறவர்கள் மற்றொன்றை அறியவேண்டும். விரால், ஓடுகிற இரையைப் பாய்ந்து பிடிக்கும் மீன். ஆகையால் தவளை வடிவப் போலி இரை அதற்கு ஏற்றது. தக்கையில் செதுக்கி வண்ணம் தீட்டினாலே ஒரு தவளை ஆகிவிடும், உருக்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் செந்நிறக் குஞ்சுகளின் கூட்டம் தண்ணீரின் மேற்பரப்பில் கொப்பளிப்பதைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொள்ளுங்கள். அதன் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அந்நேரத்தில் அவை பசிக்காக அல்ல, பிள்ளைகளைக் காக்கவே பாய்கின்றன. அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும்.

காவிரிக்கரைக் களி உருண்டை

பிளாஸ்டிக் புழு பிறப்பதற்கு முன்பே நம் பக்கத்தில் ஒரு கைவினை இரை இருந்தது. பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், பீமேஸ்வரி, கலிபோரே பகுதிகளில் ஓடும் காவிரியில் மகசீர் என்னும் பெருமீன் வாழ்கிறது. 1946-இல் காவிரியின் துணைநதியாகிய கபினியில், மைசூரு வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். உலகெங்கிலுமிருந்து இம்மீனைத் தேடி வந்தவர்களுக்கு இவ்வூர் வழிகாட்டிகள் முள்ளில் கோத்துக் கொடுத்த இரை என்ன தெரியுமா? கேழ்வரகுக் களி உருண்டை!

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து இந்நகரத்துக்கு வந்து குடியேறிய தாய்மாருக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கேழ்வரகு மாவைச் சிறிது தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டையாக்கி, கொதிநீரில் அரைமணி நேரம் வேகவைத்து, சூடு தணியுமுன் மறுபடியும் ரப்பர்போல் வரும்வரை பிசையவேண்டும். மகசீருக்கு எலுமிச்சை அளவு. ஏரிக் கெண்டைக்குப் பட்டாணி அளவு. முள்ளை மூடிப் பிடித்துவைத்தால் எளிதில் கரையாது. தொலைந்துபோனாலும் வேறொரு மீனுக்கு உணவாகும். வீட்டில் நெடியில்லை, நச்சுப் பயமும் இல்லை.

அந்தக் காவிரிக் கதையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. முதுகு திமிலாய் உயர்ந்த காவிரி மகசீர், 2018-இல் மிகவும் அழிவாபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பிறந்த இடமல்லாத ஆற்றில் வேறு இன மகசீர்க் குஞ்சுகளை நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து விட்டதும் அதன் வீழ்ச்சிக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. நல்ல நோக்கம் மட்டும் போதாது; செய்கையின் முடிவையும் பார்க்கவேண்டும் என்பதை அந்த ஆறு நமக்குச் சொல்கிறது. இன்று வனச் சரணாலயத்துக்குள் அனுமதியின்றித் தூண்டில் போடுவது குற்றம் என்பதையும் மறவாதிருங்கள்.

பெற்றோரே, நீங்கள் செய்யவேண்டியது

சுவிசேஷங்களில் மீன்பிடிப்பு என்றாலே பெரும்பாலும் வலைதான். பேதுரு ஒரே ஒருமுறை தூண்டில் போடும்படி அனுப்பப்பட்டதை மத்தேயு பதினேழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதுவும் வரி செலுத்தும் கடமையை நிறைவேற்றுவதற்காக. தூண்டிலும் பொறுப்பும் அங்கே ஒன்றாய்ச் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, உங்கள் மகனின் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கி எறியாதீர்கள். அடுப்பை அணையுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், பிறகு அவனை அருகில் உட்காரவைத்து, "நீ செய்கிற பொருள் உன் கையைவிட்டுப் போனபின் எங்கே போகும்? யாருடைய மூச்சில் கலக்கும்? எதன் வயிற்றில் தங்கும்?" என்று கேளுங்கள். அக்கேள்விகளுக்குப் பதில் தேடப் பழகிய பிள்ளை, நாளை எந்தத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாலும் அவற்றை மறக்கமாட்டான்.

பிறகு அலமாரியிலிருந்து கேழ்வரகு மாவை எடுத்து அவன்முன் வையுங்கள். தகப்பன்மாரே, உங்கள் அடுத்த விடுமுறை நாளில் அரைநாளை அவனுக்குக் கொடுங்கள். அனுமதியுள்ள ஒரு நீர்நிலைக்கு அவனோடு போய்க் கரையில் உட்காருங்கள். மீன் கடிக்கலாம், கடிக்காமலும் போகலாம். ஓவர்டைமும் பேருந்துப் பயணமும் உங்களிடமிருந்து வாங்கிக்கொண்ட அந்த மணிநேரங்களில் சிலவாவது அவனுக்குத் திரும்பக் கிடைக்கும்.