ஜி.பி.எஸ். கைக்கடிகாரம்: ஓடிய பாதை யாருக்குத் தெரியும்?

ஓட்டம், நீச்சல், சைக்கிள் மூன்றுக்கும் ஒரே ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில.

நீச்சலுக்கு ‘5 ஏ.டி.எம்.’ நீர்த்தாங்கு திறன் தேவை. ஜி.பி.எஸ். சமிக்ஞை நீருக்குள் செல்லாது. தடாகத்தில் கையசைவைக் கொண்டே கடிகாரம் தூரத்தைக் கணிக்கும். தடாகத்தின் நீளத்தை நாமே சரியாகப் பதிய வேண்டும். நீண்ட சைக்கிள் ஓட்டத்துக்கு, ஜி.பி.எஸ். இயங்கும்போது மின்கலம் எத்தனை மணித்தியாலம் தாங்கும் எனக் கேளுங்கள்.

கண்காணிப்புக்குப் பழகிப்போன எங்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: எனது நடமாட்டம் பிறருக்குத் தெரியவருமா?

ஜி.பி.எஸ். செய்மதிச் சமிக்ஞையைப் பெறுமே தவிர, எதையும் அனுப்பாது. சிம் இல்லாத கடிகாரத்தில் பதிவான பாதை, கைத்தொலைபேசிச் செயலியுடனோ கணினியுடனோ வைஃபையுடனோ இணைத்த பின்னரே வெளியே செல்கிறது.

ஸ்ட்ராவா செயலி 2017 நவம்பரில் பயனர்களின் பாதைகளைத் திரட்டி உலக வரைபடமொன்றை வெளியிட்டது. அதில் பெயர்கள் இல்லை. ஆயினும் சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளிலுள்ள படைமுகாம்களின் அமைப்பு அதில் தெரிவது 2018 ஜனவரியில் அம்பலமானது. படையினர் ஓடிய பாதைகளே முகாம்களைக் காட்டிக்கொடுத்தன.

தினமும் ஒரே வீட்டிலிருந்து புறப்படுபவரின் பாதையும் அப்படித்தான்.

எனவே செயலியில் பதிவுகளை ‘எனக்கு மட்டும்’ என மாற்றுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறையுங்கள். இவை பிற பயனர்களிடமிருந்தே மறைக்கும்; நிறுவனத்திடம் தரவு இருக்கும். அதுவும் வேண்டாமென்றால், கணக்குத் திறக்காமலே இயங்கும் கடிகாரத்தைக் கேட்டு வாங்குங்கள்.