சலித்துக் கொட்டும் சத்து

சாயங்கால நேரத்தில் திருச்சி உறையூர் மாவு மில் ஒன்றின் வாசலில் நின்றால், அரைபடும் கோதுமையின் வாசம் மூக்கில் ஏறும். கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, கல் பொறுக்கிய கோதுமையைத் தூக்கிலும் துணிப்பையிலும் கொண்டுவருகிறார்கள். “சப்பாத்திக்கா அக்கா, தோசைக்கா?” என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற பதத்தில் அரைத்துத் தருகிறார் மில்காரர். சூடு ஆறாத அந்த மாவு வீட்டுக்குப் போனதும் சல்லடையில் விழுகிறது. சல்லடையில் தங்கும் பழுப்புத் தவிட்டைப் பல வீடுகளில் அப்படியே குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். டாக்டர் கோதுமை சாப்பிடச் சொன்னதே அந்தத் தவிட்டுக்காகத்தான்!

ஒரு கோதுமை மணியில் ஏறத்தாழ 14 முதல் 15 சதவீதம் தவிடு. 2 முதல் 3 சதவீதம் முளைக்கரு. மீதியெல்லாம் மாவுச்சத்து நிறைந்த உட்பகுதி. நார்ச்சத்து, இரும்பு, துத்தநாகம், பி வைட்டமின்கள் எல்லாம் பெரும்பாலும் தவிடும் முளைக்கருவுமான அந்தச் சின்னப் பங்கில்தான் அடங்கியிருக்கின்றன. இவை இரண்டையும் முழுக்க நீக்கிவிட்டால் மிஞ்சுவது மைதா. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப் பட்டியல் இந்த வித்தியாசத்தை எண்ணிலேயே காட்டுகிறது. 100 கிராம் முழுக் கோதுமை மாவில் நார்ச்சத்து 11.4 கிராம், மைதாவில் 2.8 கிராம், இரும்புச்சத்து அதில் 4.1 மில்லிகிராம், இதில் 1.8. புரதத்தில் மட்டும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

காவிரிக் கரையில் விளைவது நெல். கோதுமை இங்கே விருந்தாளிதான், ஆனால் நேற்று வந்த விருந்தாளி அல்ல. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில், முஸ்லிம் இளவரசியாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியாரை முன்னிட்டு அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கும் வழக்கம் உண்டு. சாதாரணக் குடும்பங்களின் அடுப்புக்குக் கோதுமையைக் கொண்டுவந்ததில் அரிசித் தட்டுப்பாட்டுக்கும் ரேஷன் கடைக்கும் பங்கு இருக்கிறது. இன்றைக்கு அதைக் கொண்டுவருவது சர்க்கரை நோய்.

‘ராத்திரிக்கு என்ன?’ என்றால் ‘கோதுமை தோசை’ என்று பதில் வரும் வீட்டில் யாரோ ஒருவர் சுகர் மாத்திரை போடுகிறார் என்று அர்த்தம். 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் நோயாளிகளின் பங்கு 14 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்தப் பயத்தை நம்பித்தான் பாக்கெட் மாவு வியாபாரம் வளர்கிறது. தில்லைநகர் பக்கம் எந்த சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்தாலும் கோதுமை தோசை ரெடி மிக்ஸ் கிடைக்கும். பெரிய கடைகளில் அதற்குப் பக்கத்திலேயே ‘முழுக் கோதுமை பான்கேக் மிக்ஸ்’ அடுக்கியிருக்கிறார்கள். பாக்கெட் மாவைக் கரைத்து வார்க்கும் இந்த யோசனை அமெரிக்காவில் 1889-இலேயே பிறந்துவிட்டது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் உருவான ‘ஆன்ட் ஜெமைமா’ பான்கேக் மாவுதான் அந்த வகைப் பொருளுக்கு முன்னோடி.

பாக்கெட்டின் முகப்பில் இருப்பது விளம்பரம். விஷயம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் முழுக் கோதுமை மாவா, அரிசி மாவா, ‘சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு’ என்கிற மைதாவா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பான்கேக் மிக்ஸ் என்றால் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்காகக் கோதுமை வாங்கி, அதோடு சர்க்கரையையும் வாங்கி வருவது கொடுமை.

அடுத்தது சோடியம். மாவு புளிக்காமலேயே தோசை மெத்தென்று வர, பல மிக்ஸ்களில் உப்போடு சோடா உப்பும் சேர்க்கிறார்கள். ஐ.என்.எஸ். 500 என்று எண்ணாக இருப்பது அதுதான். சோடா உப்பின் எடையில் கால் பங்குக்கு மேல் சோடியம். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று ஒரு பாக்கெட்டில் போட்டிருந்தால், அது 2 கிராம் உப்புக்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராம் உப்புக்குள்தான். அந்த 100 கிராமில் வார்க்கும் மூன்று தோசையில் நாளின் ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்துவிடும். சட்னி, சாம்பார், ஊறுகாய்க் கணக்கு தனி. ரத்தக்கொதிப்பும் சேர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

இனி, பலர் எதிர்பார்க்காத ஒரு கணக்கு. பச்சரிசி 100 கிராமில் சுமார் 356 கலோரி; கோதுமை மாவில் 320. வித்தியாசம் அவ்வளவுதான். தோசைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்று மூன்று தோசைக்கு விட்டால் 135 கலோரி கூடி, அந்த லாபமும் போய்விடும். புரதத்திலாவது கோதுமை முந்துகிறதா? நாலுக்கு ஒன்று உளுந்து போட்டு அரைத்த நம் இட்லி மாவின் 100 கிராம் அரிசி–பருப்புக் கலவையில் ஏறக்குறைய 11 கிராம் புரதம். வெறும் கோதுமை மாவில் 10.6. பாட்டி ஆட்டிய மாவு தோற்கவே இல்லை! கோதுமை தெளிவாக ஜெயிப்பது நார்ச்சத்திலும் இரும்பிலும்தான். அதைத்தான் நாம் சல்லடையில் விடுகிறோம்.

2025-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ‘இந்தியாப்’ உணவு ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை அல்லது சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் குறைகிறது. நாலு இட்லிக்குப் பதில் ஆறு கோதுமை தோசை சாப்பிடுகிறவருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

வழி கஷ்டமானதல்ல. மில்லில் அரைத்த மாவைச் சலிக்காமல் முக்கால் பங்கு. ஊறவைத்து ஆட்டிய உளுந்து கால் பங்கு. மொத்தம் 100 கிராமுக்குப் புரதம் 13.7 கிராமாக ஏறுகிறது, நார்ச்சத்து 11.5 கிராம். கோதுமையில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தை உளுந்து ஈடுகட்டுகிறது. ராத்திரி கரைத்து வைத்துக் காலையில் வார்த்தால் சோடா உப்பு தேவைப்படாது. புளிக்கும்போது, இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும் ஃபைட்டேட் குறைவது இன்னொரு லாபம். சலிக்காத மாவில் தோசை முறுகாது, ஓரம் கொஞ்சம் தடிக்கும். அடுப்பைத் தணித்து மூடிபோட்டு வேகவிட்டால் நன்றாகவே வரும்.

பாக்கெட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டும் என்பதல்ல. பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண்ணிடம் போய் உளுந்து ஊறப்போடச் சொல்வது நியாயமில்லை. அவர் நல்ல பாக்கெட்டைத் தேர்ந்தெடுக்க லேபிள் உதவ வேண்டும். அங்கேதான் பெரிய ஓட்டை இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளில் கலோரி, புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் எல்லாம் கட்டாயம், நார்ச்சத்து கட்டாயமில்லை. 100 கிராமுக்கு 6 கிராம் இருந்தாலே ‘நார்ச்சத்து அதிகம்’ என்று விளம்பரம் செய்யவும் விதி இடம் தருகிறது. பாதிக்குப் பாதி அரிசி மாவு கலந்த மிக்ஸில்கூட அந்த அளவு தேறிவிடும்.

கோதுமைப் பொருள் எதுவானாலும் நார்ச்சத்து எத்தனை கிராம், முழுக் கோதுமை மாவு எத்தனை சதவீதம் என்ற இரண்டு வரிகளை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, இந்த இரண்டையும் தானாக முன்வந்து அச்சிடும் பாக்கெட்டை மட்டும் வாங்குங்கள்.